சொல்லுக்கு முன்னே பொருள்: இமாம் ஜுர்ஜானீ கண்ட மொழியும் மனமும்

நம் நாட்டு அரபு மத்ரஸாக்கள் பலவற்றில் நஹ்வு என்னும் இலக்கணக் கலையைத் தொடங்கும் சிறுவன், தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு சிறு நூலை மனனம் செய்கிறான். சொல்லின் இறுதி ஒலியை மாற்றவல்ல நூறு ‘ஆமில்’களை எண்ணி அடுக்கிக் காட்டும் நூல் அது. ஆக்கியவர் யார் என்று கேட்டால் பெயரை மட்டும் சொல்வான்: இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ (ரஹ்). மனித உள்ளத்தில் பொருள் எவ்வாறு கோவைப்படுகின்றது, அது எவ்வாறு சொல்லாகி நாவில் இறங்குகின்றது, கேட்பவன் உள்ளத்தில் எவ்வாறு மீண்டும் பொருளாக எழுகின்றது என்னும் வினாவை ஒரு பெருநூல் முழுதும் துருவி ஆராய்ந்த மேதை அவர் என்பதை அச்சிறுவனுக்கு யாரும் சொல்வதில்லை. அந்நூலின் பெயர் ‘தலாயிலுல் இஃஜாஸ்’. திருமறையின் ஒப்பற்ற தன்மைக்குரிய சான்றுகள் என்பது அதன் கருத்து.

வினா அவர் காலத்திற்கு முன்பே எழுந்துவிட்டது. கி.பி. 930-களில் பக்தாதில், அமைச்சர் இப்னுல் ஃபுராத்தின் அவையில் நடந்த வாதம் ஒன்றை அபூ ஹய்யான் தவ்ஹீதீ எழுதி வைத்திருக்கிறார். ஒருபுறம் மத்தா இப்னு யூனுஸ். அரிஸ்டாட்டிலின் நூல்களை ஸிரியாக் மொழியிலிருந்து அரபுக்குக் கொண்டுவந்த கிறிஸ்தவ அறிஞர். மறுபுறம் அபூ ஸயீத் ஸீராஃபீ. ஸீபவைஹியின் பேரிலக்கணத்திற்கு விரிவுரை கண்டவர். சரியான பேச்சையும் தவறான பேச்சையும் நிறுத்துக் காட்டும் தராசு மன்திக் எனும் தருக்கக் கலையே. பொருள்கள் எல்லா மக்களுக்கும் பொதுவானவை. மொழி வெறும் ஆடை என்பது மத்தாவின் கட்சி. தராசு எடையைச் சொல்லும், ஆனால் தட்டில் இருப்பது பொன்னா, இரும்பா, பித்தளையா என்று சொல்லுமா என்று மடக்கினார் ஸீராஃபீ. மொழியின் வழியேயன்றிப் பொருளை எட்டவியலாது. நீர் எம்மை அழைப்பது தருக்கத்திற்கு அன்று, யவன மொழிக்கு. அதையோ நீரே அறியீர் என்றும் இடித்துரைத்தார்.

பிறகு ஒரு சிறு வினாவை வைத்தார். ‘ஜைது சகோதரர்களுள் சிறந்தவர்’ என்பதும், ‘ஜைது தம் சகோதரர்களுள் சிறந்தவர்’ என்பதும் சரியா? இரண்டும் சரியே என்றார் மத்தா. வாசகர் பலரும் அவ்வாறே விடையிறுப்பர் என்று எண்ணுகிறேன். ஆனால் ஜைதின் சகோதரர் யாவர் என்று எண்ணத் தொடங்கினால், அவ்வெண்ணிக்கையில் ஜைது வரமாட்டார். அவர் இல்லாத கூட்டத்தில் அவரைச் சிறந்தவராக்குவது எங்ஙனம்? ஆகவே முதலாவது சரி, இரண்டாவது பிழை என்பது ஸீராஃபீயின் தீர்ப்பு. செவி இரண்டையும் தடையின்றி ஏற்றுக்கொள்கிறது. மனம் நின்று எண்ணிய பின்னரே வேறுபாடு புலப்படுகிறது. இலக்கணம் என்பது சொல்லின் இறுதியில் உகரமா அகரமா என்னும் கணக்கோடு முடிவதன்று. ‘மஆனின் நஹ்வு’, அதாவது இலக்கணத்தின் பொருள்கள், என ஒன்று உண்டு என்று அந்த அவையில் அவர் சொல்லிச் சென்றார். நூறாண்டுகளுக்கு மேல் கழிந்து அச்சொற்றொடரை எடுத்துப் பெருங்கட்டடமாக எழுப்பியவர் ஜுர்ஜானீ.

ஜுர்ஜான் என்பது காஸ்பியன் கடலின் தென்கிழக்கே, இன்றைய ஈரானில் இருந்த நகரம். அதன் அருகே மன்னர் காபூஸ் ஹிஜ்ரி 397-ல் (கி.பி. 1006) எழுப்பிய செங்கற் கோபுரம் இன்றும் நிற்கிறது, நகரந்தான் இல்லை. இமாமவர்கள் பாரசீக இனத்தவர், ஷாஃபியீ மத்ஹபினர், அகீதாவில் அஷ்அரீ. கல்விக்காக ஊர் ஊராகப் பயணம் செய்வதே அறிஞர்க்கு அழகு என்றிருந்த அக்காலத்தில், இவர் பிறந்த ஊரை விட்டு அகலவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இலக்கணப் பேரறிஞர் அபூ அலீ ஃபாரிஸீயின் சகோதரி மகனார் ஜுர்ஜானுக்கு வந்து தங்கியிருந்தார். அவரிடமே இவர் பாடங்கேட்டார். ஹிஜ்ரி 471-ல் (கி.பி. 1078) மறைந்தார் என்பர், 474 என்பாரும் உளர். தாய்மொழி அரபல்லாத ஒருவர், அரபு நாட்டை மிதியாமலே அரபின் உள்ளுயிரைக் கண்டார் என்பதை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு அரபு ஓதும் நாம் சற்றே நின்று எண்ணிப் பார்க்கலாம்.

அவர் காலத்தில் பேச்சின் உயர்வு சொல்லிலா, பொருளிலா என்ற வழக்கு ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. பொருள்கள் வழியெங்கும் கிடக்கின்றன, அரபியும் அஜமியும் நாட்டானும் நகரத்தானும் அவற்றை அறிவர், சிறப்பெல்லாம் சொல்லைத் தேர்ந்து வார்ப்பதில்தான் என்று ஜாஹிள் (ஹிஜ்ரி 255) எழுதிவிட்டுப் போயிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு சொல்லின் ஓசையிலும் இனிமையிலும் சிறப்பைத் தேடினர் பலர். ஜுர்ஜானீ இரு கட்சியிலும் சேரவில்லை. தனிச் சொல்லுக்கு உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. ஒரே சொல் ஓரிடத்தில் நெஞ்சை அள்ளும், மற்றோரிடத்தில் பாரமாய்க் கனக்கும் என்றார். சொல்லே சிறந்ததாயின் எங்கும் சிறந்திருக்க வேண்டுமன்றோ? புகழ்பெற்ற ஒரு கவிதையின் சொற்கள் அனைத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு வரிசையை மட்டும் கலைத்துப் பாருங்கள். ஒரு சொல்லும் குறையவில்லை, ஆயினும் கவிதை எங்கே போயிற்று? போனது எதுவோ, அதற்கு அவர் ‘நள்ம்’ என்று பெயரிட்டார். முத்துக்களை நூலிற் கோப்பதற்கு அரபில் வழங்கும் சொல் அது.

இங்கே அவர் செய்யும் ஒரு வேறுபாடு மிக நுட்பமானது. ஒரு சொல்லுக்குள் எழுத்துகள் நிற்கும் வரிசை வேறு. ஒரு வாக்கியத்திற்குள் சொற்கள் நிற்கும் வரிசை வேறு. ‘ளரப’ என்றால் அடித்தான். மொழியை முதலில் வகுத்தவர் ‘ளரப’ என்பதற்குப் பதிலாக ‘ரபள’ என்று வைத்திருந்தாலும் எக்கேடும் விளைந்திராது என்கிறார் இமாம். ரேஃபுக்கு முன் ளாது வரவேண்டும் என்று அறிவு கட்டளையிடவில்லை. வழக்கு அப்படி அமைந்தது, அவ்வளவே. ஆனால் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது அத்தகையதன்று. உள்ளத்தில் பொருள்கள் எவ்வொழுங்கில் அமைகின்றனவோ அவ்வொழுங்கைப் பின்பற்றியே நாவில் சொற்கள் வரிசை பெறுகின்றன. பொருளைக் கோத்து முடித்த பின் சொல்லைத் தேடித் தனியே அலைய வேண்டியதில்லை. பணியாளன் தலைவனைத் தொடர்வதுபோல் சொல் பொருளைத் தொடர்ந்து தானே வந்து சேரும். ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான பந்தம் இல்லை, அது வழக்கால் ஆனதே என்ற கருத்தை ஜெனீவாவின் ஸொஸ்ஸூர் நடத்திய பாடங்கள் 1916-ல் நூலாக வெளிவந்தபோது மேலைநாடுகள் புதுமையாகக் கொண்டாடின. இன்றைய ஆய்வனைத்தையும் நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர் என்று மார்தட்டும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இமாம் மூளையைப் பிளந்து பார்த்தவர் அல்லர், அவர் நோக்கம் திருமறையின் இஃஜாஸை விளக்குவது. ஆயினும் சொல்லியதைச் சொல்லியவர் என்று சொல்லத்தானே வேண்டும்.

பொருள் உள்ளத்தில் ஒழுங்குபடுகிறது என்றால், எந்த நூலைக் கொண்டு? இலக்கணத்தைக் கொண்டுதான் என்பது அவர் விடை. எழுவாய், பயனிலை, முன்வைத்தல், பின்வைத்தல், சுட்டுதல், சுட்டாது விடுதல் ஆகிய இவையே மனம் பொருளை முடிச்சிடும் முறைகள். ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். ‘செய்தாயா?’ என்று வினைச்சொல்லை முன்வைத்து வினவினால், ஐயம் செயலைப் பற்றியது. அது நடந்ததா என்றே தெரியாது. ‘நீயா செய்தாய்?’ என்று பெயரை முன்வைத்தால், செயல் நடந்தது உறுதி. செய்தவர் யார் என்பதே ஐயம். அரபில் ஹம்ஸாவை அடுத்து எச்சொல் வருகின்றதோ அதன்மீதே வினா விழும். நம் தமிழில் ‘ஆ’ எச்சொல்லின் வாலைப் பிடிக்கின்றதோ அதன்மீது விழுகிறது. வழி வேறு, மனம் செய்யும் வேலை ஒன்றே.

தத்துவஞானி கிந்தீயைப் பற்றி அவர் எடுத்தெழுதும் ஒரு நிகழ்ச்சியைப் படிக்குந்தோறும் நான் சுவைப்பதுண்டு. கிந்தீ, அபுல் அப்பாஸ் என்னும் இலக்கண அறிஞரிடம் சென்று, அரபு மொழியில் வெற்றுச் சொற்கள் மலிந்திருக்கின்றன என்று குறை கூறினார். ‘அப்துல்லாஹ் காயிமுன்’ என்கிறார்கள். ‘இன்ன அப்தல்லாஹ காயிமுன்’ என்கிறார்கள். ‘இன்ன அப்தல்லாஹ ல காயிமுன்’ என்றும் சொல்கிறார்கள். மூன்றுக்கும் அப்துல்லாஹ் நிற்கிறார் என்பதுதானே பொருள்? அல்ல என்றார் அபுல் அப்பாஸ். முதலாவது வெறுஞ்செய்தி; இரண்டாவது, நிற்கிறாரா என்று வினவியவருக்கு விடை; மூன்றாவது, நிற்கவில்லை என்று மறுத்தவருக்கு மறுமொழி. கிந்தீயிடம் பதில் இல்லை. சொல்பவனின் வாக்கியத்திற்குள் கேட்பவனின் மனநிலை முன்கூட்டியே இடம்பிடித்துக்கொண்டு விடுகிறது என்பதை இதனினும் தெளிவாக எவர் காட்டினார்? தத்துவஞானியின் செவிக்கு எட்டாத இந்த நுட்பத்தைத் தாய்மொழியாளர் எல்லாம் சிந்தியாமலே கையாள்கின்றனர் என்பது இதில் வியப்பு.

கேட்பவன் பக்கத்தை அவர் ஆராய்ந்த மற்றோரிடம், ‘பொருளின் பொருள்’ என்று அவர் பெயரிட்ட கோட்பாடு. ஒருவர் வீட்டில் அடுப்புச் சாம்பல் மிகுதி என்று அரபிகள் சொன்னால், அது வீட்டைக் கூட்டவில்லை என்ற குறையன்று. சாம்பல் மிகுதி, ஆகவே விறகு மிகுதியாக எரிந்தது, ஆகவே மிகுதியாகச் சமைத்தனர், ஆகவே விருந்தினர் பலர், ஆகவே அவர் வள்ளல். ஒரு மங்கை முற்பகல் வரை உறங்குபவள் என்றால், அது சோம்பல் அன்று, பணியாளர் நிறைந்த செல்வக்குடிப் பெண் என்பதாம். சொல்லிலிருந்து மனம் முதற்பொருளை அடைகிறது. அதில் தங்காமல் அதையே படியாக்கி இரண்டாம் பொருளுக்கு ஏறுகிறது. இரண்டாம் பொருளைச் சொல்லில் தேடினால் கிடைக்காது. கேட்பவனின் அறிவு அதைத் தேடி எடுக்க வேண்டும். அதனாலேயே விருந்தோம்பும் வழக்கமும் விறகடுப்பும் இல்லாத ஊரில் பிறந்த ஒருவனுக்கு அகராதி முழுதும் மனப்பாடமாயினும் அத்தொடர் விளங்காது.

இனி, பொற்கொல்லன் உவமைக்கு வருவோம். ‘வெள்ளிக்கிழமையன்று ஜைது, அம்ரைத் திருத்தும் பொருட்டு அவரைக் கடுமையாக அடித்தார்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறார் இமாம். இதில் அடித்தது, அடித்தவர், அடிபட்டவர், நாள், கடுமை, நோக்கம் எனப் பல சொற்கள். கேட்பவனுக்குக் கிட்டுவது இத்தனை பொருள்களின் மூட்டையா? இல்லை, ஒரே பொருள். பொற்கொல்லன் துண்டு துண்டான பொன்னையோ வெள்ளியையோ உருக்கி ஒரே கட்டியாக்குவது போன்றது வாக்கியம். உருகிய பின் இத்துண்டு எது, அத்துண்டு எது என்று பிரித்தெடுக்கவியலாது.

இக்கருத்தின் அருகே இக்கால மனநூலாரின் இரு சோதனைகளை வைத்துக் காட்ட விரும்புகிறேன். 1967-ல் ஜாக்குலின் ஸாக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒரு பகுதியை ஒலிக்கச் செய்து, இடையிலே நிறுத்தி, முன்வந்த ஒரு வாக்கியம் அதே வடிவில் வந்ததா, மாறியதா என்று கேட்டார். உடனே கேட்டால் எந்த மாற்றத்தையும் மக்கள் கண்டனர். 80 அசைகள் அளவு பேச்சு இடையிலே கடந்துவிட்டாலோ, பொருள் மாறியதைக் கண்டனரேயன்றிச் சொல்வடிவம் மட்டும் மாறியதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 1971-ல் பிரான்ஸ்ஃபோர்டு, ஃபிராங்க்ஸ் என்னும் இருவர் ஒரு நிகழ்ச்சியின் கூறுகளைச் சிறுசிறு வாக்கியங்களாகப் பிரித்துக் கேட்பித்தனர். பின்னர், அவை யாவும் இணைந்த முழு வாக்கியம் ஒன்றைக் காட்டியபோது, இதை நிச்சயமாகக் கேட்டோம் என்றனர் கேட்டவர்கள். அவ்வாக்கியத்தை அவர்கள் கேட்டதே இல்லை! துண்டுகளை வாங்கிய மனம் அவற்றை உருக்கிக் கட்டியாக்கிவிட்டது. பொற்கொல்லனின் உலை ஜுர்ஜானில் மட்டும் எரிந்ததன்று போலும். 1980-ல் கூட்டாஸ், ஹில்யார்டு ஆகியோர் கண்ட வேறொன்றும் உண்டு: வாக்கியத்தின் முடிவில் பொருளுக்குப் பொருந்தாத சொல் வந்தால், சுமார் 0.4 விநாடியில் மூளையின் மின்னோட்டத்தில் அது தனி அலையாகத் தெரிகிறது. வாக்கியம் முடியட்டும் என்று மனம் காத்திருப்பதில்லை; வரும் ஒவ்வொரு சொல்லையும் அப்போதைக்கப்போதே முன்னையவற்றோடு முடிச்சிட்டுக்கொண்டே செல்கிறது.

ஸாக்ஸின் சோதனையைப் படித்தபோது எனக்கு நம் ஹாபிள்களின் நினைவே எழுந்தது. இயல்பாகக் கேட்கும் மனம் சொல்லை உதறிவிட்டுப் பொருளை வைத்துக்கொள்கிறது. குர்ஆனை ஹிப்ளு செய்யும் நம் பிள்ளையோ, தமிழ்ப் பிள்ளையாக இருப்பதால், பொருளின் துணையின்றிச் சொல்லை மட்டும் ஒரு ஹர்க்கத்தும் பிசகாமல் காக்கிறது. மனத்தின் நீரோட்டத்திற்கு எதிரே நீந்துவதாகும் இது. நாள்தோறும் பழைய பாடத்தை மீண்டும் ஓதாவிடில் அது நழுவிவிடுவதன் காரணமும், ஒரே மாதிரியான இரு ஆயத்துகள் வருமிடத்தில் பிள்ளை ஒரு ஸூராவிலிருந்து மற்றொரு ஸூராவுக்குள் அறியாமலே நுழைந்துவிடுவதன் காரணமும் இதுவே என்பது என் கருத்து. வழிகாட்ட வேண்டிய பொருள் அங்கே இல்லை. ஒலி மட்டுமே கைப்பிடி. அக்குழந்தையின் உழைப்பு எத்தகையது என்பதை உணராத பெற்றோர், மறந்தாயா என்று கடிந்துகொள்வது முறையன்று. ஒரு கவிஞனின் செய்யுளை ஒப்பிப்பவன் அச்செய்யுளைக் கோத்தவன் ஆகமாட்டான், ஏனெனில் கோப்பு என்பது உள்ளத்தில் பொருளைக் கோத்தலே என்று ஜுர்ஜானீ தெளிவாகவே எழுதுகிறார். ஓதுதலின் நன்மை வேறு, விளங்குதலின் நன்மை வேறு. ஒன்றைச் செய்தால் மற்றது தானே வந்துவிடும் என்று எண்ணுவதற்கு அவரிடம் ஆதாரம் இல்லை.

இவ்விடத்தில் ஒரு வழக்கையும் தொட்டாக வேண்டும். இலக்கணம் எதற்கு, பிள்ளைகளுக்குச் சொல்லுக்குச் சொல் அர்த்தம் சொல்லிக் கொடுத்தால் போதாதா என்று கேட்கும் பெற்றோர் பெருகி வருகின்றனர். சொற்பொருள் அச்சிட்ட புத்தகங்கள் வீடுதோறும் இருக்கின்றன. அவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் துண்டுகளைக் கையில் அள்ளித் தருவதால் கட்டி ஆகிவிடாது. நம் பழைய உஸ்தாதுமார்கள் இதை அறிந்திருந்தனர். அவர்கள் சொல்லுக்குச் சொல் தமிழ் சொன்னாலும், எழுவாய்க்கு ‘ஆகிறவன்’ என்றும் ‘ஆகிறது’ என்றும் ஒட்டுக் கொடுத்து, ‘ஜைதாகிறவன் நிற்கிறவன்’ என்பது போல் ஓதிக் காட்டினர். அத்தமிழைக் கேட்டு நகைப்பவர் உண்டு. நகைக்கட்டும், அந்த ‘ஆகிறவன்’ தமிழ்நடைக்காகச் சேர்த்ததன்று, முடிச்சு எங்கே விழுகிறது என்பதை மாணவன் செவியில் பதிக்கும் ஆணி. அகராதி தராத ஒன்றை அது தந்தது. ஜுர்ஜானீயும் தம் நூலைத் தொடங்கும்போதே, இலக்கணத்தை இகழ்ந்து ஒதுக்கியவர்களுக்கு விடை சொல்லித்தான் மேலே செல்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் இந்த முறையீடு இருந்திருக்கிறது.

ஸூரா மர்யமில் ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் முதுமையை இறைவனிடம் முறையிடும் இடத்தை வைத்து அவர் தரும் விளக்கத்தை, சொல்லுக்குச் சொல் அர்த்தத்தால் எட்டவே முடியாது. அங்கே எரிதலுக்கு எழுவாய் தலை. நரை என்பது எதனால் எரிந்தது என்பதை விளக்கப் பின்னே வருகிறது. நரை தலையில் எரிந்தது என்று மாற்றிச் சொன்னால் என்ன குறையும்? வீட்டில் தீ எரிந்தது என்பதையும், வீடு தீயால் எரிந்தது என்பதையும் நிறுத்துப் பாருங்கள் என்கிறார் இமாம். முன்னதில் தீ ஒரு மூலையில் இருக்கலாம். பின்னதில் வீடு முழுதும் தீ. நரை தலை முழுதும் பரவி, கறுப்பே எஞ்சவில்லை என்ற பொருள் எந்தத் தனிச் சொல்லிலும் இல்லை. எழுவாயை மாற்றி வைத்த அந்த முடிச்சில் இருக்கிறது. உவமையாலேயே அவ்வாசகம் அழகு பெற்றது என்று மட்டும் சொல்லி நகர்ந்தவர்கள் மேல் அவருக்கு வருத்தம்.

அவருக்குப் பின் ஸமக்ஷரீ (ஹிஜ்ரி 538) தம் ‘கஷ்ஷாஃப்’ எனும் தஃப்ஸீரில் இம்முறையைக் கையாண்டு பெரும்புகழ் எய்தினார். ஃபக்ருத்தீன் ராஸீ சுருக்கி எழுதினார். ஸக்காக்கீ (ஹிஜ்ரி 626) பிரித்து வகைப்படுத்தினார். கஸ்வீனீ அதைச் சுருக்கினார். தஃப்தாஸானீ அச்சுருக்கத்திற்கு விரிவும், விரிவுக்குச் சுருக்கமும் எழுதினார். மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘முக்தஸருல் மஆனீ’ அதுவே. இவ்வறிஞர்களின் உழைப்பைக் குறைத்துப் பேசும் தகுதி எனக்கில்லை. எனினும், ஜுர்ஜானீயிடம் தேடலாக இருந்தது இவர்களிடம் பட்டியலாக இறுகிவிட்டது என்றே கருதுகிறேன். அவரோ ஒரே கருத்தை மீண்டும் மீண்டும் வேறு வேறு வாயில் வழியாக நுழைந்து காட்டுவார். எதிர்ப்பவனைத் தாமே பேசவைத்து மறுப்பார். சில இடங்களில் சலிப்புத் தட்டுமளவு நீட்டுவார். பாடத்திட்டத்திற்கு அது ஒத்துவராது; பட்டியலே ஒத்துவரும்.

மூலநூல் மக்கள் கைக்கு மீண்டும் வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கெய்ரோவில் முஃப்தி முஹம்மது அப்துஹு (ரஹ்) அல்அஸ்ஹரில் ‘தலாயிலுல் இஃஜாஸை’யும் அதன் இணைநூலான ‘அஸ்ராருல் பலாகா’வையும் பாடமாக நடத்தினார், அவர் மாணவர் ரஷீத் ரிளா அவற்றை அச்சேற்றினார். ஜெர்மானிய அறிஞர் ரிட்டர் 1954-ல் இஸ்தன்பூலில் ‘அஸ்ராரை’ ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தார். எகிப்தின் மஹ்மூது ஷாகிரின் திருத்தமான ‘தலாயில்’ பதிப்பு 1984-ல் வெளிவந்தது. இப்போது அரபுநூல் கடைகளில் பெரிதும் கிடைப்பது அதுதான். மேலே எடுத்துக்காட்டிய வெள்ளிக்கிழமை வாக்கியமும், கிந்தீயின் கதையும், தீப்பற்றிய வீடும் அதன் பக்கங்களில் உள்ளன. மூன்றாம் ஆண்டு நஹ்வு ஓதிய மாணவன் அகராதியை அருகில் வைத்துக்கொண்டு படித்தறியக்கூடிய நடைதான் அது.